சாது ஏன் மிரண்டது?

'வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது' என்று ஒரு பழமொழி. நீங்களும் எப்போதாவது சொல்லியிருப்பீர்கள். கைமாற்று வாங்கிய மச்சினன் போனை எடுக்காதபோது, நம்மிடம் தொழில் கற்றுக்கொண்ட பையன் எதிர்ச்சாரியிலேயே கடை போட்டபோது...

எனக்கு இந்தப் பழமொழி மேல் நெடுநாளாக ஒரு சந்தேகம். இது முழுக்க முழுக்க வளர்த்தவர் தரப்பு வாக்குமூலம். அவர் வந்தார், சட்டையைக் கழற்றி மார்பைக் காட்டினார், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. கடாவை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. மந்தையோடு வளர்ந்த கடாவைவிட, தாயில்லாமல் புட்டிப்பால் கொடுத்து மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்த கடாதான் பெரிதானதும் மனிதர்களை அதிகம் முட்டும். அதற்கு மனிதன் மேல் பயம் கிடையாது. நம்மையும் தன் மந்தையில் ஒருவராகவே நினைக்கிறது. பருவம் வந்ததும் இன்னொரு கடாவிடம் எப்படி மோதிப் பலம் பார்க்குமோ, அப்படியே நம்மிடமும் பார்க்கிறது. துரோகம் என்று நாம் நினைப்பது, ஒரு வகையில் அது நம்மைத் தன் இனத்தில் சேர்த்துக்கொண்டதன் அடையாளம். என்ன, நமக்குக் கொம்பு இல்லை. அவ்வளவுதான்!

சரி, இந்தக் காலத்தில் கடா வளர்க்க யாரிடம் இடம் இருக்கிறது? கடாவுக்கு இடமில்லாத ஊர்களில் ஹாம்ஸ்டர் வளர்கிறது.

ஓசூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் வந்தன. 2019-ல் ஊர் மாநகராட்சியே ஆகிவிட்டது. மாட்டுக் கொட்டகை இருந்த இடமெல்லாம் லைன் வீடு. நாய் வளர்க்க ஹவுஸ் ஓனர் சம்மதிக்க மாட்டார். குழந்தையோ 'ஏதாவது ஒண்ணு வளர்த்தே ஆகணும்' என்று ஒற்றைக் காலில் நிற்கும். நாற்பது கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கை அளவில், பஞ்சு உருண்டை மாதிரி ஹாம்ஸ்டர். எலிக்குச் சொந்தக்காரன்தான். ஆனால், நீள வால் இல்லாததால் அம்மாக்கள் அலறுவதில்லை.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு உதிரி பாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அம்மா ஆனேக்கல் பக்கம், தாய்மொழி கன்னடம். பக்கத்து வீட்டில் தெலுங்கு. நாலாவது படிக்கும் மகள் மூன்றையும் கலந்து பேசுவாள். ஹாம்ஸ்டருக்கு 'லட்டு' என்று பெயர் வைத்தாயிற்று. நாலு மாதம் லட்டு கையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை தின்றது. ஒருநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு ஸ்கூல் விட்டு வந்தவள், யூனிஃபார்ம்கூட மாற்றாமல் கூண்டுக்குள் கையை விட்டாள். 'நறுக்'கென்று ஒரு கடி. ஆள்காட்டி விரலில் ரத்தம்.

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். டாக்டரிடம் காட்டி டி.டி. ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அது வேறு விஷயம். விரல் இரண்டு நாளில் ஆறிவிடும். ஆறாதது இன்னொன்று.

"லட்டு என்னை ஏமாத்திடுச்சும்மா!"

அம்மா சொல்கிறாள்: "நாலு மாசமா தீனி போட்ட கையையே கடிச்சிருக்கே... நன்றி கெட்ட ஜென்மம்."

கவனித்தீர்களா? ஏமாற்றம், நன்றி கெட்டது... இரண்டுமே நீதிமன்ற வார்த்தைகள். உள்ளங்கை அளவு பிராணி ஒன்று நாலு நொடியில் குற்றவாளி ஆகிவிட்டது. இனி தண்டனை. திரும்பக் கடையில் கொடுத்துவிடலாமா? ஏரிக்கரையில் விட்டுவிடலாமா? இல்லை, பால்கனி மூலையில் கூண்டை வைத்துவிட்டு, தீனி மட்டும் போட்டு யாரும் பேசாமல் இருந்துவிடலாமா?

தண்டனைக்கு முன்னால் கொஞ்சம் விசாரிப்போம்.

முதல் கேள்வி: கடித்தபோது மணி என்ன? நாலரை. ஹாம்ஸ்டர் ராத்திரி விழிக்கும் பிராணி. சாயங்காலம் நாலரை மணி அதற்கு நடுச்சாமம். நல்ல தூக்கத்தில் இருக்கும்போது யாரோ போர்வையை விலக்கி இடுப்பைப் பிடித்துத் தூக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

இரண்டாவது: கை எந்தப் பக்கமிருந்து வந்தது? மேலேயிருந்து. ஹாம்ஸ்டருக்குக் கண்பார்வை மட்டம். உலகத்தை மூக்கால்தான் படிக்கிறது. அதன் முன்னோர்களுக்கு மேலேயிருந்து வந்ததெல்லாம் ஆந்தை, பருந்து. அங்கே யோசித்துக்கொண்டு நின்றவை எதுவும் பிள்ளை பெற்று வம்சம் வளர்த்திருக்காது.

மூன்றாவது: அந்தக் கையில் என்ன வாசனை? பஸ்ஸில் வரும்போது தின்ற சிப்ஸா, முறுக்கா? மூக்கு 'தீனி' என்று சொல்கிறது. பல் அதை நம்புகிறது.

இன்னும் கேள்விகள் உண்டு. பல் நீண்டு வலிக்கிறதா? கட்டி ஏதாவது? பெண் ஹாம்ஸ்டர் என்றால் நாலு நாளைக்கு ஒருமுறை அதன் உடம்பில் பருவச் சுழற்சி நடக்கிறது, குணமும் மாறும். கூண்டு எத்தனை பெரிது? 2007-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஹாம்ஸ்டர்களை வெவ்வேறு அளவுக் கூண்டுகளில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சதுர மீட்டர் கூண்டிலும் அவை கம்பியைக் கடித்தன. ஆனால், சின்னக் கூண்டில் இருந்தவை ரொம்ப அதிகமாகக் கடித்தன. நம் கடைகளில் 'கூண்டு ஃப்ரீ' என்று கொடுப்பது எந்த அளவு என்று உங்களுக்கே தெரியும். ஒரே ராத்திரியில் சக்கரத்தில் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் ஓடக்கூடிய ஜீவன் அது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி, ஜூஜூவாடி தாண்டி, கிட்டத்தட்ட அத்திப்பள்ளி வரை! அதை ஷூ டப்பா அளவு இடத்தில் வைத்திருக்கிறோம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? இதே பாடம் இந்த வீட்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அப்பா நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்குவார். ஜன்னலில் கெட்டியான துணி தொங்கும். டி.வி. சத்தம் குறையும். குக்கர் விசில்கூட யோசித்துத்தான் வரும். "அப்பா தூங்கறார், எழுப்பினா எரிஞ்சு விழுவார்" என்று நாலாவது படிக்கும் பெண்ணுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நைட் ஷிப்ட் ஆள் ஒருவரைப் புரிந்துகொண்ட வீடு, இன்னொரு நைட் ஷிப்ட் ஆளைப் புரிந்துகொள்ளவில்லை. வருஷம் முழுக்க அவருக்கு மூன்றாவது ஷிப்ட்தான்!

'நாலு மாசம் நல்லாதானே இருந்துச்சு, திடீர்னு என்ன?' என்று கேட்பீர்கள்.

நான் படித்தது பி.காம். எங்கள் படிப்பில் 'திடீர்' என்று ஒரு கணக்குத் தலைப்பே கிடையாது. ஒரே ராத்திரியில் திவாலான கம்பெனி அபூர்வம். பேப்பரில் செய்தி வந்த நாள்தான் ஒரே நாள். பேரேட்டில் பார்த்தால் பல வருஷமாக ஒவ்வொரு பக்கமாக அரித்திருக்கும். ஹாம்ஸ்டரும் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தது. காதைப் பின்னால் மடித்தது. அசையாமல் உறைந்து நின்றது. பல்லை நறநறத்தது. மல்லாந்து படுத்துப் பல்லைக் காட்டியது. நாம் 'ஐ, டான்ஸ் ஆடுது பாரு' என்று செல்போனில் படம் எடுத்தோம். கடி அதன் கடைசி நோட்டீஸ். முந்தைய நோட்டீஸ்களை வாங்கிப் பிரிக்காமல் வைத்தது நாம்.

ஓசூர்க்காரர்களுக்கு இது பழகிய கதைதான். ராகி முற்றும் பருவத்தில் பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து தளி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவு வரை யானைக் கூட்டங்கள் வருகின்றன. மோதல் நடந்தால் செய்தியில் 'திடீர் தாக்குதல்'. அது வந்த வழியில் லே-அவுட்டும் வேலியும் எந்த வருஷம் முளைத்தன என்பது அந்தச் செய்தியில் இருக்காது.

நம் முன்னோர்கள் இன்னொரு பழமொழியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 'சாது மிரண்டால் காடு கொள்ளாது.' வார்த்தையை நன்றாகப் பாருங்கள். கோபித்தால் என்று சொல்லவில்லை. வெறி பிடித்தால் என்று சொல்லவில்லை. மிரண்டால்! சாதுவான பிராணியின் மூர்க்கம் பயத்திலிருந்து வருகிறது என்று ஒரே வார்த்தையில் வைத்துவிட்டார்கள். முதல் பழமொழி மார்பைத் தடவிக்கொண்டு சொன்னது. இது பிராணியின் கண்ணைப் பார்த்துச் சொன்னது.

கண்ணைப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹாம்ஸ்டரின் சரித்திரமே சாட்சி.

1930 ஏப்ரல். சிரியாவின் அலெப்போ நகருக்குப் பக்கத்தில் ஒரு கோதுமை வயல். ஜெருசலேத்தின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி, கூலியாட்களை வைத்து அந்த வயலைத் தோண்டுகிறார். அவருடைய சகாவான ஒட்டுண்ணி ஆராய்ச்சியாளர் சால் ஆட்லருக்கு ஆய்வுக்கு ஹாம்ஸ்டர் தேவை. ஆராய்ந்த நோய் லீஷ்மேனியாசிஸ். அதன் ஒரு வகைதான் வங்காளத்திலும் பீகாரிலும் ஊர் ஊராகச் சாய்த்த காலா ஆஸார். எட்டு அடி ஆழத்தில் ஒரு வளை. அதில் ஒரு தாயும் பதினொரு குட்டிகளும். குடும்பத்தோடு எடுத்துப் பெட்டியில் போட்டார்கள். தாய் செய்த முதல் காரியம், தன்னிடம் வந்த குட்டியின் தலையைக் கடித்துத் துண்டித்தது.

மற்ற குட்டிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அஹரோனி தாயைச் சயனைடு ஜாடியில் போட்டுக் கொன்றார். குட்டிகளைக் கையால் வளர்த்தார்கள். சில தப்பின, சில செத்தன. மிஞ்சிய சில அண்ணன் தங்கைகளிலிருந்து வம்சம் பெருகியது. இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரியா ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே வளையின் வாரிசுகள். நம் லட்டுவும் அநேகமாக அந்தக் கொலைக்காரத் தாயின் கொள்ளுப் பேத்திக்குப் பேத்திதான்.

கொலைக்காரத் தாயா? அவள் பக்கம் நின்று பாருங்கள். தலைக்கு மேல் எட்டு அடி மண் திடீரென்று பிளந்து வெளிச்சம் வருகிறது. வீடு இல்லை, சேர்த்துவைத்த தானியம் இல்லை, பிள்ளைகள் மேல் வேற்று வாசனை. இனி இந்தப் பிள்ளைகள் பிழைக்காது என்று உடம்பு சொல்லியிருக்கும். தாய் ஹாம்ஸ்டர் குட்டியைத் தின்பது பற்றி 1977-ல் வெளியான ஓர் ஆய்வு அதைப் பைத்தியக்காரத்தனமாகப் பார்க்கவில்லை. வளர்க்க முடிகிற அளவுக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிற தாய்மையின் ஒரு பகுதியாகவே பார்த்தது. நமக்குக் குலை நடுங்குகிறது. நடுங்கட்டும். ஆனால், நம் அகராதியில் இருக்கும் 'தாய்' என்கிற வார்த்தையை அதன் மேல் போர்த்திவிட்டு, அளவு சரியில்லை என்று தைத்தவனை விட்டுவிட்டு உடம்பைத் திட்டுவது நியாயமா?

நம் அன்புக்கும் இதே வியாதி உண்டு. "தனியா இருந்தா பாவம்ங்க, ஜோடியா வாங்கிடலாம்" என்கிறோம். எவ்வளவு நல்ல மனசு! சில குட்டை ரகங்கள் கூட்டாளியைப் பொறுத்துக்கொள்ளும். சிரியா ஹாம்ஸ்டர் தனிக்கட்டை. இரண்டு மாதம் வரை கூடப்பிறந்ததோடு கட்டிப்பிடித்துத் தூங்கும். வயசுக்கு வந்ததும் ஒரே கூண்டில் இரண்டு என்பது இரண்டு சொந்தக்காரர்களுக்கு ஒரே பட்டா மாதிரி. காலையில் எழுந்து பார்த்தால் ஒன்று ரத்தக் காயத்தோடு கிடக்கும், சமயத்தில் செத்தே கிடக்கும். அதைக் கொன்றது எது? இன்னொரு ஹாம்ஸ்டரின் பல்லா, 'எனக்குத் தனிமை கசக்கும், ஆகவே உனக்கும் கசக்கும்' என்று முடிவு கட்டிய நம் இரக்கமா?

அடுத்து, 'தீனி போட்ட கை' என்கிற வாதம். கணக்குப் படித்தவனிடம் வரவு செலவு பேசினால் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். கூண்டு, மரத்தூள், விதை எல்லாம் நம் செலவு. சரி. எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? ஹாம்ஸ்டர் மனிதனிடம் வந்தது செல்லப்பிராணியாக இல்லை. நம் நோய்க்கு மருந்து தேட, சோதனைக்கூடத்துக்கு வந்தது. இன்றும் அந்த வேலை நிற்கவில்லை. கொரோனா காலத்தில் நம் நாட்டில் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்ட கோவாக்சின், ஆரம்பக் கட்டத்தில் சிரியா ஹாம்ஸ்டர்களில் சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். ஐந்தொகை போட்டால் யார் யாருக்குக் கடன்பட்டவர்? சூரியகாந்தி விதையில் அதை அடைத்துவிட முடியாது. அது கிடக்கட்டும், கடைக்குப் போய் 'என்னை வாங்குங்கள்' என்று கேட்டதும் அது இல்லை.

இங்கே ஒருவர் கையைத் தூக்குவது தெரிகிறது. அநேகமாக ஒரு பெண்மணி.

"அப்படின்னா எங்க வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து கத்தறதும், தட்டை வீசறதும், கையை ஓங்கறதும்கூட இயற்கைதானா சார்? அவரையும் புரிஞ்சுக்கிட்டுப் போயிடணுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது அயோக்கியத்தனம்.

புரிந்துகொள்வது வேறு, விட்டுவிடுவது வேறு. ஹாம்ஸ்டர் ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. தூக்கத்தில் மேலேயிருந்து வந்த கை குழந்தையுடையதா, கலெக்டருடையதா என்று அதற்குக் கவலையில்லை. ஆனால், நம் ஆள் அப்படியா? சூப்பர்வைசர் எட்டு மணி நேரம் விரட்டியபோது பல் வெளியே தெரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் 'பரவாயில்லை பாஸ்' என்கிறார். டீக்கடையில் ஜோக் அடிக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசல்படி தாண்டியதும்தான் 'டென்ஷன்' வருகிறது. இடம் பார்த்து, ஆள் பார்த்து, திருப்பிக் கடிக்க முடியாதவரைப் பார்த்துக் கடிப்பதற்குப் பெயர் மிரட்சி இல்லை. அங்கே ஒரு தேர்வு நடந்திருக்கிறது. தேர்வு இருக்கும் இடத்தில் பொறுப்பு இருக்கிறது. அவருடைய தூக்கத்துக்குத் திரை போடலாம், ஷிப்ட் முறை மனிதனைப் பிழிகிறதே என்று கம்பெனியைக் கேள்வி கேட்கலாம்; இரண்டும் செய்ய வேண்டியவை. ஓங்கிய கைக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தெரிந்தே கடிக்கிற மனிதனுக்கு 'ஆம்பளைன்னா அப்படித்தான், பாவம் வேலை டென்ஷன்' என்று மன்னிப்பு. தேர்ந்தெடுக்கவே தெரியாத பிராணிக்கு 'நன்றி கெட்டது' என்று தண்டனை. பெயில் கொடுக்க வேண்டியவரை உள்ளே வைத்துவிட்டு, விசாரிக்க வேண்டியவரை வெளியே விட்டிருக்கிறோம். இந்தத் தலைகீழ் பாடத்தைத்தான் அந்த நாலாவது படிக்கும் பெண், ஒரே ஹாலில், ஒரே நாளில் கற்றுக்கொள்கிறாள். பின்னாளில் தன்னைக் கடிக்கிற மனிதரை எப்படி எடைபோடுவது என்கிற பாடமும் அதில்தான் சேர்த்தி. விரலில் பட்ட பல்லைவிட அது ஆழமாக இறங்கும்.

அதனால் லட்டு விஷயத்தை நேராகத் தீர்ப்பது முக்கியம். ஏரிக்கரையில் விடுவது விடுதலை ஆகாது. கூண்டில் பிறந்ததை அரை மணி நேரத்தில் காக்கையோ பூனையோ முடித்துவிடும். அது மரண தண்டனைதான், நம் கண்ணுக்குப் படாமல் நிறைவேற்றுகிறோம் என்பது மட்டும் வித்தியாசம். கடையில் திருப்பிக் கொடுத்தால், அதே கடி இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு மாற்றலாகிப் போகும். இரண்டு, மூன்று வருஷமே வாழ்கிற ஜீவன். வாங்கியவர்தான் கடைசி வரை பொறுப்பு.

செய்ய வேண்டியது பெரிய சமாச்சாரமும் இல்லை. கூண்டைப் பெரிதாக்குங்கள். வளை தோண்ட அரையடிக்குமேல் மரத்தூள் போடுங்கள். ஒன்றை மட்டும் வையுங்கள். பகலில் தொடாதீர்கள். கையைக் கழுவிவிட்டு, கீழ்மட்டத்தில், விரித்து வையுங்கள். அதுவாக ஏறினால் சரி, ஏறாவிட்டாலும் சரி. வழக்கத்துக்கு மாறாகச் சுருண்டு கிடந்து கடித்தால் வலி இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

மூன்று மொழி புழங்குகிற எல்லையூர்க் குழந்தைக்கு நாலாவது மொழி ஒன்றும் கஷ்டமில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி தெலுங்கில் அதட்டினால் அது கோபமா, கொஞ்சலா என்று அவளுக்குத் தெரியும். வார்த்தையை வைத்து அதைக் கற்றுக்கொள்ளவில்லை, முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். காது மடிந்தால் 'வேண்டாம்', நறநறத்தால் 'தள்ளிப் போ' என்று ஒரே வாரத்தில் படித்துவிடுவாள்.

இன்று ராத்திரி பத்து மணிக்குமேல் அவளைக் கொஞ்ச நேரம் விழித்திருக்க விடுங்கள். ஸ்கூல் போனால் போகட்டும், ஒருநாள்தானே. ஹால் விளக்கை அணைத்துவிட்டு, கூண்டுக்குப் பக்கத்தில் பாயை விரித்து இரண்டு பேரும் உட்காருங்கள். கையை நீட்ட வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் மரத்தூள் அசையும். மூக்கு முதலில் வெளியே வரும்.